நாடு நீங்கியவரின் கையெழுத்து

கரமனை பட்டாபிராமய்யர் தம் வாழ்நாளில் ஒரே ஒருவரைத்தான் கொன்றார். அதையும் ஆபீஸ் நேரத்தில், மேஜை முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, சர்க்கார் மையால், விதிகளுக்கு உட்பட்டுத்தான் செய்தார். செத்தவர் மூன்று மாதம் கழித்து அம்பாசமுத்திரத்திலிருந்து ரயிலேறி வந்து, ஏன் ஐயா கொன்றீர் என்று கேட்டபோதுதான் சங்கடம் ஆரம்பித்தது.

பட்டாபி திருவனந்தபுரத்தில் பென்ஷன் கொடுக்கிற ஒரு கச்சேரியில் குமஸ்தா. எந்தக் கச்சேரி என்று கேட்க வேண்டாம். அதன் கூரை இன்றைக்கும் ஒழுகுகிறது, அடியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பிள்ளைகுட்டிகள் உண்டு. இருபத்துநாலாம் வயசில் நகல் எழுதுகிறவராய் நுழைந்து, முப்பத்தோரு வருஷம் ஒரே நாற்காலியைத் தேய்த்து, கடைசியில் ஜீவிப்போர் ரிஜிஸ்தர் என்ற சிவப்புத் துணி அட்டை போட்ட புஸ்தகத்துக்கு அதிபதியானார். சர்க்காரில் உழைத்து ஓய்ந்த அஞ்சல் ஓட்டக்காரன், உப்பளத்துக் காவல்காரன், பள்ளிக்கூட வாத்தியார் எல்லாரும் அந்தப் புஸ்தகத்தில் இருந்தால்தான் உயிரோடிருப்பதாக அர்த்தம். வெளியில் அவர்கள் மூச்சு விடுவதும் விடாததும் அவரவர் சொந்த விஷயம்.

வருஷத்துக்கு இரண்டு தடவை, மலையாள மாசக் கணக்கில் சிங்ஙத்திலும் மகரத்திலும், அதாவது ஆவணியிலும் தையிலும், பென்ஷன்காரர்கள் நேரில் வந்து ஜன்னலுக்கு முன்னால் நின்று தாங்கள் சாகவில்லை என்று காட்ட வேண்டும். அதற்கு மஸ்டர் என்று பெயர். ஒரு தடவை ஒரு பழைய அஞ்சல் ஓட்டக்காரனை நாலு பேர் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். கண் மூடியிருந்தது. பட்டாபி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "கண்ணைத் திறக்கச் சொல்லுங்கோ. மூடின கண்ணுக்கு ரூல் இல்லை" என்றார். ஓட்டக்காரன் ஒரு கண்ணைத் திறந்தான். பட்டாபி பாதிச் சந்தேகத்தோடு முழுப் பென்ஷன் கொடுத்தார். அவ்வளவு இரக்கம் அவரிடம் உண்டு.

எந்தக் காகிதம் மேஜைக்கு வந்தாலும் அதற்கு மூன்று சம்ஸ்காரம் செய்வார். வந்த தேதி போடுவார். விஷயத்தை ஒரே வரியில் சுருக்குவார். பிறகு அடியிலிருக்கும் கையெழுத்தை ஆபீஸிலுள்ள பழைய மாதிரிக் கையெழுத்தோடு வைத்து, வால் வளைவது முதல் புள்ளி விழுவது வரை பார்த்து, சிவப்பு மையில் "கையெழுத்து சரி" என்று எழுதுவார். தன் கல்யாணப் பத்திரிகையிலேயே மாமனார் கையெழுத்தை ஒத்துப் பார்த்ததாக அவரைப் பற்றி ஒரு வதந்தி உண்டு. அது பொய். அப்போது அவருக்கு உத்தியோகமே ஆகவில்லை.

வீட்டில் சூடாமணி மட்டும். பிள்ளை இல்லை, நிலம் இல்லை, வீடு வாடகை. சூடாமணிக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. உப்பையும் சர்க்கரையையும் விரலால் தடவித் தெரிந்துகொள்வாள். ஆபரேஷன் எப்போது என்று கேட்டால் பட்டாபி, "பென்ஷன் வந்தப்புறம்" என்பார். மாசக்கணக்கில் லீவு எடுத்தால் சர்வீஸ் கணக்கில் ஓட்டை விழும், ஓட்டை விழுந்தால் பென்ஷன் ஒழுகும் என்பது அவர் சித்தாந்தம். வீடு மாற்றுவது, ராமேசுவரம் போவது, சூடாமணியோடு உட்கார்ந்து பேசுவது எல்லாமே அந்தப் பென்ஷனுக்கு அப்புறம்தான். இந்த மழைக்காலத்தைத் தாண்டினால் கண் இரண்டும் அடியோடு போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நல்ல வேளை, கொல்லம் வருஷம் ஆயிரத்து நூற்றுப் பதினைந்து கர்க்கடகம், அதாவது ஆடி, கடைசித் தேதியோடு பட்டாபிக்கு ஐம்பத்தைந்து முடிகிறது. இன்னும் ஏழே வாரம். வேண்டியதெல்லாம் மேலதிகாரி கொடுக்கும் ஒரு நன்னடத்தைச் சீட்டு. சர்வீஸில் களங்கமில்லை என்று அதில் ஒரு வரி. அது இல்லாமல் பென்ஷன் இல்லை.

அந்த நிலைமையில்தான், மிதுனமாகிய ஆனி மாச மழையில் ஒரு நாள் பதினொரு மணிக்கு, பியூன் நேசையன் வந்து மேஜைமேல் குனிந்தான். நேசையனுக்கும் ஐம்பது வயசிருக்கும். ரகசியம் என்று எதையும் அரை நாளுக்கு மேல் வயிற்றில் வைத்திருந்ததில்லை.

"ஸ்வாமி, ஒரு வயசாய ஸ்வாமி வந்திருக்கு. நல்ல கோபமாக்கும்."

"பேர் கேட்டியா?"

"கேட்டேன். ரிஜிஸ்தர்ல பாத்துக்கோன்னு சொல்லிச்சு."

வந்தவர் உயரமாய், ஈரக்குடையோடு, கழுத்தைச் சுற்றி அங்கவஸ்திரத்தைப் பட்டாக்கத்தி போல் சொருகிக்கொண்டு நின்றார்.

"பென்ஷன் குமஸ்தா பட்டாபிராமன் என்பவர் நீர்தானா காணும்?"

"ஆமாம். பேரைச் சொல்லுங்கோ."

"சுந்தரராமன். ஹைஸ்கூலில் தமிழ் முன்ஷியாய் இருந்தவன்."

பட்டாபி பக்கத்தைப் புரட்டினார். "சுந்தரராமன், முன்ஷி. இதோ இருக்கு. அவர் போயிட்டாரே. மீனம் இருபத்தேழாந்தேதி எழுதியிருக்கு."

"எங்கே போனார்?"

"காலமாயிட்டார். நீங்க அவருக்கு என்ன வேணும்? தம்பியா?"

"நான் அவனேதான்."

பட்டாபி அசரவில்லை. செத்தவர்கள் உயிரோடிருப்பதாகச் சொல்லிக்கொள்வது அந்தக் கச்சேரியில் புதிதல்ல. வழக்கமாக மருமக்கள் மூலம் சொல்லியனுப்புவார்கள், இவர் நேரிலேயே வந்திருக்கிறார், அவ்வளவுதான். அப்போது முன்ஷி மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, வகுப்பில் மோசமான கட்டுரையைப் படித்துக் காட்டும் குரலில் படித்தார்.

"'மேற்படி ஆசாமியின் மரணத்தைக் குறிக்க மனுவில் பிரயோகித்திருக்கும் வார்த்தை, பொன்னுதம்புரான் திருமேனியை ஒழித்து மற்றவர்களுக்கு உபயோகிக்கத் தக்கதல்ல. இனிமேலால் ஆசாமியும் ஆசாமியின் பந்துக்களும் ஜாக்கிரதையாய் இருந்துகொள்ள வேண்டியது.' இது நீர் எழுதினதா?"

"நான்தான் எழுதினேன்."

"மூன்று மாசமாய்ப் பென்ஷன் வரவில்லை. அது கிடக்கட்டும். செத்தவன் இனிமேலால் எப்படி ஜாக்கிரதையாய் இருப்பது என்று கேட்டுப் போகத்தான் வந்தேன்."

பட்டாபி பழைய மனுவை எடுத்தார். முன்ஷி தம்மை அடக்கமாகப் படர்க்கையில் வைத்து, மீனத்தைப் பங்குனியாக்கி, செந்தமிழில் எழுதியிருந்தார். 'பென்ஷன் பெறும் முன்ஷி சுந்தரராமன் பங்குனி மாதம் பதினைந்தாம் தேதி நாடு நீங்கினான். இனி அவனுக்குரியவை யாவும் அம்பாசமுத்திரத்தில் அவன் மகளகத்துக்கு அனுப்பக் கோருகிறான். இங்ஙனம், சுந்தரராமன்.'

இதை வேறு சீமையில் ஒருவர் படித்திருந்தால், கிழவர் திருவிதாங்கூரை விட்டுப் பெண் வீட்டுக்குப் போய்விட்டார் என்று அறிந்து மேலே வேலையைப் பார்த்திருப்பார். பட்டாபி திருவனந்தபுரத்துக்காரர். இந்த ஊரில் நாடு நீங்குகிறவர் ஒருவர்தான்; ராஜா காலமானால் அப்படிச் சொல்வார்கள். பதினாறு வருஷத்துக்கு முன்னால் வயசான தம்புரான் நாடு நீங்கியபோது சாலைக் கடைத்தெரு முழுதும் கதவடைத்ததும், துக்கத்துக்காகப் பட்டாபி மீசையை எடுத்ததும் அவருக்கு நேற்றைப் போல ஞாபகம். வெறும் முன்ஷி செத்ததற்கு இத்தனை பெரிய வார்த்தையா என்று அன்றைக்கு அவருக்கு மனசு பொறுக்கவில்லை. ராஜவிசுவாசத்தால் அந்த வார்த்தையைக் கொஞ்சம் கீழே இறக்கி, மனுவின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினார்:

'ஆசாமி மரித்தார். கையெழுத்து சரி. ப.'

இப்போது அதே வரியை இரண்டாம் தடவை படித்தார். மூன்றாம் தடவை படித்தபோதுதான் புரிந்தது. செத்தவர் தம் சாவைத் தாமே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தக் கையெழுத்தைப் பழையதோடு ஒத்துப் பார்த்து, இது செத்தவர் போட்டதுதான் என்று பட்டாபி சாட்சி சொல்லியிருக்கிறார். வால் சரியாக வளைந்திருந்தது. புள்ளிகூடத் தப்பவில்லை.

நன்னடத்தைச் சீட்டு அவர் கண் முன்னால் எழுந்து, இறக்கை முளைத்து, ஜன்னல் வழியாக மழையில் போயிற்று. அதன் பின்னாலேயே சூடாமணியின் இரண்டு கண்களும் போயின.

முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக அரை நாள் லீவு எழுதினார். முன்ஷியை யாரும் பார்க்காமல் பின்பக்கமாக இறக்கி, ஒரு குதிரை வண்டியில் ஏற்றி, கிள்ளிப்பாலம் வழியாகக் கரமனைக்கு ஓட்டினார். யாரும் பார்க்கவில்லை என்று அவர் நினைத்தார். வண்டி பிடித்துக் கொடுத்ததே நேசையன்தான்.

சூடாமணி இலை போட்டாள். விஷயம் முழுவதையும் பட்டாபி சாம்பார் சாதத்துக்குள் சொல்லி முடித்தார். ஒரே ஒரு வழிதான் இருந்தது. மனு எழுதினவர் தம்மேல் தப்பை ஏற்றுக்கொண்டால் குமஸ்தா தப்பிப்பார்.

"ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்கோ முன்ஷி சார். 'முந்தின மனுவில் வார்த்தைப் பிழை நேர்ந்துவிட்டது' அப்படின்னு. போறும். நான் உங்களைத் திரும்ப ரிஜிஸ்தர்ல ஏத்திக்கறேன்."

முன்ஷி கையிலிருந்த கவளத்தை இலையில் வைத்தார்.

"பிழையா? நாடு நீங்கினான். எழுவாய் மேலே இருக்கிறது. பயனிலை இருக்கிறது. நடுவில் ஐந்தாம் வேற்றுமை உருபு தொக்கு நிற்கிறது. ஐந்தாம் வேற்றுமைக்கே நீங்கல்தான் பொருள். எங்கே காணும் பிழை?"

"பிழை இல்லைதான். இருக்குன்னு எழுதணும்."

"மாமா, ரசம் விட்டுக்கோங்கோ," என்றாள் சூடாமணி. இலை எங்கே முடிகிறது என்று தெரியாமல் கரண்டியை நிதானமாக இறக்கினாள். "பிழையே இல்லேன்னு நாங்களும் ஒத்துக்கறோம். இவருக்காக ஒரே ஒரு பொய் சொல்லக் கூடாதா?"

"பொய் வேண்டுமானால் சொல்லலாம் அம்மா. பிழை எழுத முடியாது."

"எழுதலேன்னா உங்க பென்ஷனும் போயிடுமே."

"போகட்டும். செத்தவனாகவே காலத்தைத் தள்ளிவிடுகிறேன். முப்பது வருஷம் சொல்லிக் கொடுத்த வாயால், எனக்குத் தமிழ் எழுத வரவில்லை என்று சர்க்காருக்கு எழுதித் தர மாட்டேன்."

இவர் நிஜமாகவே போயிருந்தால் எவ்வளவு சௌகரியமாயிருக்கும் என்று பட்டாபிக்கு ஒரு விநாடி தோன்றியது. உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டு, அவருக்கு மோர் விடச் சொன்னார்.

முன்ஷி நாலு நாள் அங்கேயே தங்கினார். சாப்பாடு பிடித்திருந்தது. அந்த நாலு நாளும் பட்டாபி ஆபீஸில் உட்கார்ந்து தமக்குத் தாமே விளக்கம் எழுதிப் பார்த்தார். 'வார்த்தையை இந்த ஊர் வழக்கப்படி புரிந்துகொண்டேன்' என்று எழுதினால், ராஜாவுக்குரியதை முன்ஷிக்கு ஒப்புக்கொண்ட குற்றம் வந்து சேரும். 'கையெழுத்தைக் கவனிக்கவில்லை' என்று எழுதினால், கவனிக்காமலே சரி என்று எழுதிய குற்றம். 'கவனித்தேன், ஆனாலும் எழுதினேன்' என்று எழுதினால் அதற்கு விதிப்புஸ்தகத்தில் குற்றமே இல்லை, ஏனென்றால் அப்படி ஒருவன் இருப்பான் என்று அதை எழுதினவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. பேனாக்கத்தியால் சுரண்டிப் பார்த்தார். சர்க்கார் மை போகவில்லை. 'மரித்தார்' என்பதில் 'ம' மட்டும் லேசாய் மங்கி, விஷயம் முன்னைவிடச் சந்தேகாஸ்பதமாய் நின்றது.

ஐந்தாம் நாள் காலை சூப்பிரண்டு ராஜையன் கூப்பிட்டனுப்பினார். பாறசாலைக்காரர், நாற்பது வயசு, ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பாடுகிற குரல். அந்தக் குரலைத் தாழ்த்திப் பேசினால் கீழே இருப்பவர்கள் தாமாக எழுந்து நிற்பார்கள்.

"ஸ்வாமி, உம்ம வீட்டில ஒரு செத்த ஆளுக்கு நாலு நாளாட்டு சோறு போடுதீராமே. உள்ளதா?"

கதவுக்கு வெளியே நேசையன் ரொம்பக் கவனமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உள்ளதுதான் சார்."

"தின்னுதாரா?"

"நன்னாவே சாப்பிடறார் சார்."

ராஜையன் மனுவை வாங்கிப் படித்தார். தெற்கத்தித் தமிழர் ஆகையால் அவருக்கு முதல் வாசிப்பிலேயே புரிந்துவிட்டது. உதடு ஓரத்தில் சிரிப்புக்கூட வந்தது. பிறகு விரல் சிவப்பு மையைத் தாண்டி, அதன் அடியில், மேலதிகாரி பார்த்தாயிற்று என்பதற்கு நீலப் பென்சிலில் போட்டிருந்த குறிப்பிடம் வந்தது. 'கண்டு. ரா.' விரல் அங்கேயே ஒட்டிக்கொண்டது. சிரிப்பு எங்கே போயிற்று என்று பட்டாபியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இது என் கையெழுத்தாக்கும்."

"ஒத்துப் பார்த்துட்டேன் சார். சரியாத்தான் இருக்கு."

கூரை ஓட்டிலிருந்து சொட்டிய தண்ணீர் ஒரு கோப்பின் மேல் விழுந்துகொண்டிருந்தது. இருவரும் அதை நகர்த்தவில்லை.

"நீரு விளக்கம் எழுதினா உமக்குப் போச்சு. கூட எனக்கும் போச்சு. எனக்கு நாலு பெண்மக்கள் உண்டு ஸ்வாமி."

"எனக்கு ரெண்டு கண் சார். ஆத்துக்காரியோடது."

ராஜையன் எழுந்து கதவைச் சாத்தினார். விதிப்புஸ்தகத்தை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி, ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"வேற ஒரு வழி கிடக்குது. சித்தசுவாதீனம் இல்லாத்த உத்தியோகஸ்தனுக்கு, டாக்டர் சர்டிபிகேட்டு மேல பென்ஷன் குடுக்கலாம். நன்னடத்தை வேண்டாம். விளக்கம் வேண்டாம். பிராந்தன்கிட்ட ஆரு விளக்கம் கேக்கப் போறா? அவன் எழுதினதும் செல்லாது. முன்ஷி தானே எழும்பிடுவாரு."

"எனக்குப் பிராந்து இல்லையே சார்."

"செத்தவனுக்க கையெழுத்தை ஒத்துப் பாத்து, சரின்னு எழுதினது ஆரு?"

"நான்தான்."

"புத்தியோடயா?"

பட்டாபி யோசித்தார். முப்பத்தோரு வருஷத்தில் மேலதிகாரி கேட்ட எந்தக் கேள்விக்கும் அவர் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. புத்தியோடு என்றால் அந்தப் புத்திக்குக் கூலி கிடையாது. புத்தி இல்லை என்றால் மாசாமாசம் உண்டு. முப்பத்தோரு வருஷ உழைப்பும் ஒரு தட்டில் நின்றது. மறு தட்டில் சூடாமணி உப்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இல்லை சார்," என்றார். அடுத்த நிமிஷமே தொழில் புத்தி விழித்துக்கொண்டது. "ஆனா நமூனாவிலே 'நோய் தொடங்கிய தேதி'ன்னு ஒரு இடம் இருக்கு சார். ஜாக்கிரதையாப் போடணும். முன்கூட்டிப் போட்டா நான் பாஸ் பண்ணின அத்தனை பேர் பென்ஷனும் பைத்தியக்காரன் எழுதினதாயிடும். பிந்திப் போட்டா முன்ஷி செத்தவராவே நின்னுடுவர்."

"மீனம் இருபத்தேழு போடும். அதுக்குப் பிறகு நீரு எழுதினதுக்கெல்லாம் நான் திரும்பக் கையெழுத்துப் போடுதேன்."

"எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணு. பத்தரைக்கு நான் உம்மகிட்டப் பேசியிருக்கேன். அப்போ நல்ல தெளிவாக்கும்."

"உங்க 'கண்டு' சார்?"

"கண்டுன்னுதானே எழுதியிருக்கேன்," என்றார் ராஜையன். "வாசிச்சுன்னு எழுதல்லையே."

இரண்டு மரியாதைப்பட்டவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். முன்ஷியைக் கேட்க பட்டாபிக்குக் கூச்சமாயிருந்தது. முன்ஷிக்கு அப்படி ஒன்றும் இல்லை. "நாடு நீங்கினான் என்று கண்டு செத்தான் என்று கொள்கிறவனுக்குப் புத்தி பேதலித்திருக்கிறது என்பதில் எனக்கு ஐயமே கிடையாது. பேனாவை இப்படிக் கொடும். இதில் பொய்யும் இல்லை, பிழையும் இல்லை," என்று சந்தோஷமாகப் போட்டுக் கொடுத்தார். 'புத்தி பேதலித்துள்ளது' என்ற இடத்தில் ஒற்று மிகுமா என்று மட்டும் ஒரு நிமிஷம் யோசித்தார்.

இரண்டாவது கையெழுத்து மனைவியுடையது. பட்டாபி சூடாமணியின் விரலைப் பிடித்துக் கோட்டின்மேல் வைத்தார்.

"என்னன்னு எழுதியிருக்கு? படிங்கோ."

"'என் புருஷன் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்பதை நான் நேரில் அறிவேன்.'"

சூடாமணியின் கை அப்படியே நின்றது. "தெருவிலே நான் எப்படி நடப்பேன்? பைத்தியக்காரன் பெண்டாட்டின்னு சொல்லுவா."

"சொல்லட்டும். ஆபரேஷன் ஆச்சுன்னா சொல்றவா முகமாவது உனக்குத் தெரியும் அல்லே. இப்போ அதுவும் தெரியலையே."

பிறகு அவள் கோட்டை விட்டு மேலே மேலே போகிற ஒரு கையெழுத்துப் போட்டாள். சூ-வில் ஆரம்பித்து மேஜையில் முடிந்தது. பட்டாபி அதைக் குனிந்து பார்த்தார். ஒத்துப் பார்க்க வீட்டில் வேறு கையெழுத்து இல்லாதது அவருக்குக் குறையாக இருந்தது.

டாக்டர் முன்னால் போய் நின்றபோதுதான், பைத்தியம் என்பது அவ்வளவு சுலபமான உத்தியோகம் அல்ல என்று தெரிந்தது.

"இன்னிக்கு என்ன தேதி?"

பட்டாபி கொல்லம் தேதி சொன்னார். இங்கிலீஷ் தேதி சொன்னார். கூடவே தமிழ்த் தேதியும் திதியும் சொன்னார். டாக்டர் புருவத்தைத் தூக்கினார்.

"ஏழு பதிமூணு?"

"தொண்ணூத்தொண்ணு."

"நல்ல புத்தியா இருக்கே ஸ்வாமி."

"மன்னிக்கணும் டாக்டர். பழக்கதோஷம்," என்றார் பட்டாபி. தப்பான விடை ஒன்றைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை. நாக்கு நுனி வரை வந்த தொண்ணூற்றிரண்டை ஏதோ ஒன்று பிடித்து உள்ளே இழுத்துவிட்டது. இத்தனை வருஷம் பிறர் காகிதத்தில் பிழை தேடினவருக்குச் சொந்தத் தேவைக்கு ஒரு பிழை அகப்படவில்லை. பென்ஷன் மறுபடியும் இறக்கையை விரிக்க ஆரம்பித்தது.

டாக்டர் அலுத்துப்போய் நமூனாவைப் புரட்டினார். நோய் தொடங்கியது மீனம் இருபத்தேழு, காலை பதினொரு மணி. கூட வைத்திருந்த முன்ஷியின் மனுவைப் பார்த்தார். ஓரத்துச் சிவப்பு மையைப் பார்த்தார். மறுபடி நமூனாவுக்கு வந்தார்.

"இதை நிரப்பினது யாரு?"

"நான்தான் டாக்டர். மூணு பிரதி."

"உங்க பைத்தியத்துக்கு நீங்களே மூணு பிரதியா?"

"ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு ஆபீஸுக்கு, ஒண்ணு தணிக்கைக்கு. சாட்சிக் கையெழுத்தெல்லாம் சரிபார்த்து அடியிலே குறிச்சிருக்கேன். அந்தம்மா கையெழுத்துக்கு மாதிரி இல்லைங்கறதையும் குறிச்சிருக்கேன். அப்புறம் ஆட்சேபம் வரக் கூடாது பாருங்கோ."

டாக்டருக்கு அதற்குமேல் ஆதாரம் வேண்டியிருக்கவில்லை. பேனாவை எடுத்து மூன்று பிரதியிலும் வேகமாகக் கையெழுத்துப் போட்டார். பட்டாபி அதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.

கர்க்கடகம் முடிவதற்குள் எல்லாம் நடந்தேறியது. பித்தன் எழுதியது செல்லாது என்ற காரணத்தால் முன்ஷி சுந்தரராமன் பின்தேதியிட்டு உயிர்ப்பிக்கப்பட்டார். பட்டாபிராமய்யர் ஜீவிப்போர் ரிஜிஸ்தரில் ஒரு தனிப்பக்கத்தில் ஏற்றப்பட்டார். பைத்தியக்காரன் கையில் சர்க்கார் காசு கொடுக்கக் கூடாதாகையால் பென்ஷன் சூடாமணி பேருக்கு வந்தது. சிங்ஙத்தில் அவளுக்கு ஆபரேஷன் ஆயிற்று. சோடாப்புட்டிக் கண்ணாடி ஒன்று மூக்கில் உட்கார்ந்தது. சாலைக் கடைத்தெருவில் பட்டாபியைப் பார்த்துப் பழைய பென்ஷன்காரர்கள் பாதையை விட்டு ஒதுங்கினார்கள். அரிசிக் கடைக்காரன் அவரிடம் சில்லறையைக் கொடுக்காமல் சூடாமணி வரட்டும் என்றான். அவர் தெருவில் ஒரு விளம்பரப் பலகையில் எழுத்துப்பிழை கண்டு சொன்னால், "சரி ஸ்வாமி, சரி," என்று மிருதுவாகச் சொல்லி நகர்ந்தார்கள். முப்பத்தோரு வருஷம் அவர் சொன்னதை யாரும் அப்படி உடனே ஒத்துக்கொண்டதில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

இதற்குள் மகரத்து மஸ்டர் வந்தது. மற்றவர்கள் உயிரோடிருந்தால் போதும். பட்டாபியின் பக்கத்தில் மட்டும் கூடுதலாக ஒரு வரி உண்டு: 'நோய் நீங்கினால் பென்ஷன் நிறுத்தப்படும்.' காலையிலிருந்தே பட்டாபி அமைதி இல்லாமல் இருந்தார். வேஷ்டியைத் தாறுமாறாகக் கட்டிக்கொண்டு பார்த்தார். கை தானாகவே மடிப்பைச் சரிசெய்தது. தலையைக் கலைத்துக்கொண்டார், வாசல்படி இறங்குவதற்குள் வாரிவிட்டார். "என்னைப் பார்த்தா எப்பிடி இருக்கு?" என்று சூடாமணியைக் கேட்டார். "எப்பவும் போலத்தான்," என்றாள் அவள். அவர் பயந்ததும் அதற்குத்தான்.

ஜன்னலுக்குப் பின்னால் அவர் நாற்காலியில் இப்போது ஸ்ரீனிவாசன் என்ற குமஸ்தா. வரிசையில் அவர்களுக்கு முன்னால் நின்ற முன்ஷி, உயிரோடிருப்பதைக் காட்டிவிட்டு, நகராமல் அங்கேயே நின்று வேடிக்கை பார்த்தார்.

ஸ்ரீனிவாசன் பட்டாபியைப் பார்க்கக் கூசி, சூடாமணியிடம் புஸ்தகத்தைத் திருப்பி வைத்தான். "இங்கே ஒரு ஒப்பு போடுங்கோ மாமி."

சூடாமணி கண்ணாடி வழியாகக் குனிந்து, கோட்டின்மேல் ஒழுங்காக, ஒரு எழுத்துக்கூட விலகாமல் கையெழுத்துப் போட்டாள். அப்படியே மேலேயிருந்த 'நோய் நீங்கினால்' என்ற வரியையும் படித்தாள். நிமிரவில்லை. இன்னொரு தடவை படித்தாள்.

ஸ்ரீனிவாசன் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு, கேட்க வேண்டியதைக் கேட்டான். "மாமாவுக்கு இப்போ எப்பிடி இருக்கு மாமி? குணம் உண்டா?"

பைத்தியக்காரத்தனமாக ஏதாவது செய்ய வேண்டிய தருணம் இதுதான் என்று பட்டாபிக்குத் தெரிந்தது. சிரிக்கலாம். மேஜைமேல் ஏறலாம். ஆனால் அதற்குள் அவர் கண் புஸ்தகத்துக்குப் போய்விட்டது. இந்தக் கையெழுத்து கோட்டில் நிற்கிறது. ஆபீஸில் இருக்கிற மாதிரிக் கையெழுத்தோ மேஜைக்கு ஓடுகிறது. ரெண்டும் ஒத்துப்போகவில்லையே. ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு, பழைய பக்கத்தைப் புரட்டி, தலையை ஆட்டி, "இது செல்லாது. கையெழுத்து சரியில்லை. இந்தம்மாவுக்குப் பென்ஷன் குடுக்காதே," என்றார்.

முன்ஷி வாய்க்குள் ஏதோ முனகி அங்கவஸ்திரத்தால் முகத்தை மூடிக்கொண்டார்.

சூடாமணி நிமிர்ந்து, பத்து வருஷத்துக்கு அப்புறம் தெளிவாய்த் தெரிகிற அந்த முகத்தை, மடிப்புக் கலையாத வேஷ்டியிலிருந்து வாரிவிட்ட தலை வரைக்கும் சாவகாசமாகப் பார்த்தாள்.

"குணமா?" என்றாள். "இவர்கிட்டே அப்பிடி ஒண்ணும் இல்லை. எழுதிக்கோ."